ஜீயஸுக்கு ஒரு கிளாஸ் ஜூஸ்

குப்பு, பெயிண்டர் அப்பாராவைத் திட்டாதே. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நீ சொன்னபடி படகின் பழைய பேரைச் சுரண்டி எடுக்க உப்புத்தாளும் பெயிண்ட் டப்பாவுமாக நேற்றுக் காலையிலேயே இங்கே போர்ட் பிளேர் யார்டுக்கு வந்துவிட்டான். நான்தான் போய்க் குறுக்கே நின்றேன். "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் கை வெக்காதே" என்றேன். "தம்பிதான்ம்மா போன்ல சொன்னாரு, நயா நாம், புதுப் பேரு எழுதணும்னு" என்று தலையைச் சொறிந்தான். "சொன்னவனைப் பெத்தவ சொல்றேன், நில்லு" என்றேன். நின்றுவிட்டான். உன் படகு இன்னும் பழைய பேரோடுதான் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ போனில் பேசுகிற அழகு எனக்குத் தெரியாதா? "ஹான்ம்மா, டீக் ஹைம்மா, டவர் இல்லம்மா." அவ்வளவுதான். ஜெட்டியில் டவருக்கு அடியில் நின்றுகொண்டே டவர் இல்லை என்பவன் நீ. அதனால் எழுதுகிறேன். நீ இருக்கிற திக்லிபூருக்கு வரும் பஸ் கண்டக்டரிடம் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். ஊறுகாயைத் தின்றுவிட்டுக் கடிதத்தைப் பிறகு படிக்கலாம் என்று நினைக்காதே. கடிதம் வருகிறது என்று உன் பெண்டாட்டி ரீமாவிடம் சொல்லியாகிவிட்டது. பெங்காலிப் பெண்ணுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. நீதான் அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். ஆகையால் ஒரு வரியைக்கூட நீ முழுங்கிவிட முடியாது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனவளுக்கு ஒரு பதைப்பு இருக்குமே, அது எனக்கு நாள் முழுக்க இருக்கிறது. ஆயுத பூஜை முடிந்த கையோடு படகை நீயே ஓட்டிக்கொண்டு கிழக்குக் கரையோரமாகத் திக்லிபூருக்குப் போகப் போவதாகச் சொல்கிறாய். ஐப்பசி மாதம் வங்காள விரிகுடா யாருடைய பேச்சைக் கேட்டிருக்கிறது? லாரியில் ஏற்றலாமே என்றால், "படகு தண்ணியில போறதுக்குத்தான்ம்மா செய்யறாங்க" என்கிறாய். வாய் மட்டும் உனக்குக் குறைச்சல் இல்லை. இதற்கு மேல் புதுப் பேர் வேறு. மார்கழியில் ரீமாவுக்குப் பிள்ளை பிறக்கும், ஆண்பிள்ளையானால் அதற்கும் அதே பேர்தான் என்று உங்கப்பாவிடம் சொன்னாயாம். அந்த மனிதர் "பேஷா வெய்யி" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். இந்த வீட்டில் பயப்படுகிற வேலையை மொத்தமாக என் ஒருத்தி தலையில் கட்டிவிட்டு எல்லோரும் நிம்மதியாக இருக்கிறீர்கள்.

அந்தப் பேர் முதன்முதலில் என் காதில் எப்படி விழுந்தது என்பதை நீ மறந்தாலும் ஜெட்டியில் ஒருவரும் உன்னை மறக்க விடமாட்டார்கள். எஞ்சின் வாங்க மெயின்லேண்டுக்குப் போயிருந்தாய். கப்பல் ஏறுகிற அவசரத்தில் கூப்பிட்டாய். ஹாரன் சத்தம், ஆள் சத்தம், காற்று. "அம்மா, பெயிண்டர் வருவான். படகுக்குப் பேரு சொல்லிடு." "என்ன பேருடா?" இங்கிலீஷ்காரன் மாதிரி நாக்கை மடக்கி ஏதோ சொன்னாய். "என்னது, ஜூஸா?" என்று கேட்டேன். "ஹான் ஹான், அதேதான், இங்கிலீஷ்ல பெருசா!" என்று கத்தினாய். லைன் போய்விட்டது. எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. டூரிஸ்ட் ஏறுகிற படகு. வெயில், தாகம், ஜூஸ். பையனுக்கு வியாபார மூளை வந்துவிட்டதே என்று உங்கப்பாவிடம் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன். அப்பாராவ் மட்டும் சந்தேகமாக, "ஆரஞ்சா, மேங்கோவா அம்மா?" என்று கேட்டான். "லெமன் போடுப்பா. கடல்ல குமட்டாது" என்றேன். மனுஷன் ரசித்துச் செய்தான். JUICE என்று சிவப்பில் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு நெட்டைக் கிளாஸ், அதில் வளைந்த ஸ்ட்ரா, கிளாஸ் விளிம்பில் வட்டமாக ஒரு எலுமிச்சைத் துண்டு. சூடம் காட்டித் தேங்காய் உடைத்துப் பூசைகூடப் போட்டுவிட்டேன்.

நீ வந்து பார்த்துவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். "அம்மா, கியா கர் தியா, என்ன பண்ணி வெச்சிருக்கே! அது ஜூஸ் இல்லம்மா, ஜீயஸ்! ஜீயஸ்!" என்றாய். அதற்குள் படகுகளைப் பதிவு செய்கிற ஆள் வந்து, எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே பதிந்துகொண்டு போய்விட்டார். சீசன் தலைக்கு மேல் வந்துவிட்டது. சரி, அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம் என்றாய். அன்று சாயங்காலம் கராச்சர்மாவில் நம் வீட்டுச் சமையல்கட்டில் எனக்குப் பட்டாணி உரித்துக் கொடுத்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? நீ கோபமாகத்தான் ஆரம்பித்தாய். நான் கேட்ட கேள்விகளில் பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டாய்.

"கிரேக்கர்களோட சாமிம்மா. சாமிகளுக்கெல்லாம் ராஜா. கையில இடி வெச்சிருப்பாரு." அட, நம்ம தேவேந்திரன் என்றேன். அவனும் அப்படித்தானே, ஒரு கையில் வஜ்ராயுதம், ஒரு கண் நாற்காலி மேல், இன்னொரு கண் அடுத்தவன் பெண்டாட்டி மேல். "இவரும் அப்படித்தான்ம்மா" என்று ஒத்துக்கொண்டாய். பிறகு அவன் பிறந்த கதையைச் சொன்னாய். அப்பன்காரன் பேர் குரோனஸ். உன் பிள்ளையே உன்னைக் கவிழ்ப்பான் என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். பயந்துபோய்ப் பிறக்கப் பிறக்க ஒவ்வொரு பிள்ளையையும் வாயில் போட்டு முழுங்கிவிட்டான். "அட பாவி! பெத்தவ என்னடா பண்ணினா?" என்று கேட்டேன். "கடைசிப் பிள்ளைய ஒரு தீவுல கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிட்டு, ஒரு கல்லைத் துணியில சுத்தி, இந்தாய்யா உன் பிள்ளைன்னு குடுத்துட்டா. அதையும் முழுங்கிட்டான்." "கல்லுன்னு தெரியலையாக்கும்?" "பயத்துல முழுங்கறவனுக்கு ருசி எங்கம்மா தெரியும்" என்றாய். அந்தக் குழந்தை தீவில் ஆட்டுப்பால் குடித்து வளர்ந்து, திரும்பி வந்து, அப்பனை வாந்தி எடுக்க வைத்ததாம். முதலில் அந்தக் கல் வெளியே வந்து விழுந்ததாம், பின்னாலேயே அண்ணன் அக்காமாரெல்லாம். பிறகு அண்ணன் தம்பி மூவரும் சீட்டுப் போட்டு உலகத்தைப் பிரித்துக்கொண்டார்கள். இவனுக்கு வானம் விழுந்தது. கடல் அண்ணனுக்குப் போனது. "அப்ப கடலு இவன் டிபார்ட்மென்டே இல்லையே! எதுக்குடா படகுக்கு இவன் பேரு?" என்று நான் கேட்டதும் பட்டாணித் தட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய். இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை.

பதில் எனக்குத் தெரியும். கச்சால் தீவில் இருந்தவரைக்கும் உன் பேர் உனக்கு வலித்ததில்லை. ரப்பர் தோட்டத்து லயத்தில் எல்லோரும் சிலோன் மலைநாட்டிலிருந்து வந்த நம் ஆட்கள். குப்புசாமிக்குப் பக்கத்தில் ஒரு பிச்சைமுத்து, ஒரு மூக்கன். சுனாமியில் கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்த டிசம்பருக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு வந்து உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அங்கே யாரோ ஒரு தமிழ்ப்பையன் உன் பேருக்கு ஹிந்தியில் அர்த்தம் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து நீ கச்ரா. குப்பை. "ஏய் கச்ரா, பால் ஃபேங்க்!" என்று மைதானத்தில் கத்துவார்கள். நீயும் பந்தை எறிவாய். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் உன் கணக்கு நோட்டு அட்டையில் பேர் எழுதுகிற இடத்தில் கே.சாமி என்று மட்டும் எழுதியிருந்ததைப் பார்த்து நான்தான் கேட்டேன். "இந்த ஊர்ல இவ்வளவு பேரு இருக்கு, எனக்கு ஏம்மா குப்பை?" என்று கேட்டாய். பிறகு சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டேன். குப்பை என்று கூப்பிட்டவர்களுக்கு எதிரே சாமிகளின் ராஜா பேரைப் பெரிய எழுத்தில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று உனக்கு இருந்திருக்கிறது. அதை நான் ஜூஸாக்கி வைத்தேன். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அன்றைக்கு மழுப்பியதை இப்போது சொல்கிறேன். உனக்கு முன்னால் எனக்கு இரண்டு பிறந்தன. இரண்டும் நாற்பது நாள் தாண்டவில்லை. இது உனக்குத் தெரியும், ஆனால் மேலோட்டமாகத்தான் தெரியும். மூன்றாவதாக நீ பிறந்ததும் பக்கத்து லயத்து மாரியாயி அக்கா என் மடியிலிருந்து உன்னை எடுத்துக்கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டாள். கிழிந்த முறத்தில் வைத்துத்தான் போட்டாள், பயப்படாதே. "இது யார் பெத்ததோ, குப்பையில கெடந்துச்சு, யாருக்காச்சும் வேணுமா?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே திரும்பி வந்தாள். நான் தவிடு கொடுத்து உன்னை விலைக்கு வாங்க வேண்டும். எமன் காதில் விழட்டும் என்றுதான் இவ்வளவு சத்தம். பெற்ற பிள்ளை என்றால் அவன் தூக்கிப் போவான், தவிட்டுக்கு வாங்கிய குப்பைக்கு ஏன் மெனக்கெடப் போகிறான்? எல்லாம் சரிதான். ஆனால் கச்சாலில் நெல் ஏது, தவிடு ஏது? அரிசி மூட்டையே கப்பலில் வந்தால்தான் உண்டு. லயம் முழுக்கத் தேடினார்கள். கடைசியில் ஆட்டுக்கு வைத்திருந்த தேங்காய்ப் பிண்ணாக்கை ஒரு பிடி அள்ளிக் கொடுத்து உன்னை வாங்கினேன். மாரியாயி அக்காவே சற்று யோசித்தாள். "ஏத்துக்குவாராடி?" என்று கேட்டாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை, எனக்கு அந்தக் கேள்வி இன்றுவரை போகவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்தால், நீ மரத்தில் ஏறினால், பைக்கை எடுத்தால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பிண்ணாக்குதான். வியாபாரம் செல்லுமா, செல்லாதா? கேட்டுத் தெரிந்துகொள்ள அக்காவும் இல்லை. அந்த டிசம்பர் காலையில் நாமெல்லாம் ரப்பர் மேட்டுக்கு ஓடினோம், அவள் ஆட்டை அவிழ்க்கத் திரும்பிப் போனாள்.

இப்போது புரிகிறதா, அந்தக் கிரேக்கக்காரி துணியில் சுற்றிக் கொடுத்த கல் என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று? எந்த ஊரோ, எந்தக் காலமோ, அவளும் ஏமாற்றித்தான் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறாள். அவளுக்குக் கல், எனக்குக் குப்பை. குப்பு என்று உன்னைக் கூப்பிடும்போதெல்லாம் நான் அந்தக் கல்லைத்தான் நீட்டிக்கொண்டிருந்தேன், இந்தா இதை எடுத்துக்கோ, என் பிள்ளையை விட்டுவிடு என்று.

போன சீசனில் நடந்ததை நீ சாதாரணமாகச் சொல்வாய். "திடீர்னு ஒரு காத்தும்மா, கொஞ்சம் லேட்டாயிடுச்சு." எனக்கு அப்படி இல்லை. பட்டப்பகலில் ரீமா போன் பண்ணினாள். "மா, வானம் கறுப்பாயிடுச்சு. எல்லா போட்டும் வந்துடுச்சு. இவரு மட்டும் வரல." போனைக் காதில் வைத்தபடியே திக்லிபூர் ஜெட்டியில் நின்றாள். நான் சமையல்கட்டில் நின்றேன். அவளுக்குப் பின்னால் வயர்லெஸ்காரர் கூப்பிடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "ஜூஸ், ஜூஸ், கஹாங் ஹோ? ஜூஸ், ஜவாப் தோ." எங்கே இருக்கே, பதில் சொல்லு என்கிறார். இடி. மறுபடி, "ஜூஸ், ஜூஸ்." யாரோ ஒருவன் அந்த நேரத்திலும் சிரித்தான். அவனைப் பிடித்து அறையலாம் போல இருந்தது. அதே சமயம் எனக்கு இன்னொன்றும் தோன்றியது. கூப்பிடட்டும், நன்றாகக் கூப்பிடட்டும், இடியோடு தேடுகிறவன் காதிலும் ஜூஸ் என்றே விழட்டும் என்று தோன்றியது. எமலோகத்திலிருந்தோ எங்கிருந்தோ ஒருவன் கயிற்றோடு வந்து தேடுகிறான், அவனிடம் கேட்டால் இங்கே ராஜா யாரும் இல்லை, ஒரு கிளாஸ் லெமன் ஜூஸ்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான். நீ வரவில்லை என்றால் பெற்றவளுக்கு எதுதான் தோன்றாது?

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டாய். தீவின் மறைவில் ஒதுக்கி நிறுத்தியிருந்தாய். மின்னல் பக்கத்திலேயே தண்ணீரில் இறங்கியதையும், டூரிஸ்டுகள் கத்தியதையும் நீயே சொன்னாய். அதில் ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டே, "அங்கிள், இந்த போட் பேரு நெஜமாவே ஜூஸா?" என்று கேட்டாளாம். நீ ஆமாம் என்றதும், "அப்ப ஜூஸ் எங்கே?" என்றாளாம். அதைக் கேட்டு அவள் அம்மா சிரித்து, ஒவ்வொருவராகச் சிரித்து, நடுக்கம் அடங்கி அவரவர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்தார்களாம். ஆட்கள் ஒரு பக்கமாகச் சாயாமல் இருந்ததால்தான் படகு பிழைத்தது என்று உன் வாயால் சொன்னாய். சொன்னாயா இல்லையா? அப்படியிருக்க அந்தப் பேரைச் சுரண்டச் சொன்னால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? இதை எழுதி உன் கையைக் கட்டிப்போட வேண்டும் என்றுதான் நேற்று ராத்திரி படுக்கும்போது முடிவு செய்தேன்.

இன்று காலை ரீமா பேசினாள். அதற்குப் பிறகு இந்தக் கடிதம் வேறு பக்கமாகத் திரும்பிவிட்டது. நான் அவளிடம் ஜீயஸைப் பற்றிக் குறை சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "மா, அவரு உங்ககிட்ட பூரா கதை சொல்லலை" என்றாள். "ஏன், என்ன மிச்சம்?" "அந்த ஜீயஸ் ராஜா ஆனதும் அவருக்கும் யாரோ அதையே சொல்றாங்க. உன் பொண்டாட்டிக்குப் பிறக்கிற பிள்ளை உன்னை மிஞ்சிடும்னு. அந்தப் பொண்ணு ரொம்ப புத்திசாலி மா. வயித்துல பிள்ளை. அவளையே முழுங்கிட்டாரு." அப்பன் வாய்க்குத் தப்பி வளர்ந்தவன், வயிற்றுப்பிள்ளைக்காரியை முழுங்கியிருக்கிறான். இதை மட்டும் எனக்குச் சொல்லாமல் விட்டாயே, கள்ளா. அதோடு அவள் இன்னொன்றும் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், கோள் மூட்டவில்லை. "இவரும் அப்படித்தான் மா. ரோடு கராப், பஸ் குலுக்கும், ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போகாதேன்னு ஒரே பிடிவாதம். கிணத்தடிக்குப் போனாலும் பின்னாடியே வர்றாரு. டாக்டர் போகலாம்னு சொல்லியும் கேக்க மாட்டேங்கறாரு. லீவு லெட்டரை இவரே எழுதி வெச்சிருக்காரு."

குப்பு, போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐப்பசிக் கடலில் தனியாகப் படகு ஓட்டப் பயப்படாதவன், பெண்டாட்டி பஸ் ஏறப் பயப்படுகிறான். இந்தப் பயம் உனக்கு எங்கிருந்து வந்தது? உங்கப்பாவிடமிருந்து வந்திருக்காது, அந்த மனிதருக்கு மீன் முள்ளையே முழுங்கத் தெரியாது. என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. கப்பல் படிப்புக்கு மெயின்லேண்டில் உனக்கு இடம் கிடைத்தபோது சாப்பிடாமல் படுத்துக்கொண்டேனே, நீயாக "நான் போகலம்மா" என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லையே. இங்கே போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்சில் மாமா கடையில் ஆணி நிறுத்துப் போட உன்னை உட்கார வைத்தேன். கண்ணெதிரே இருக்கிறாய் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். நீ அங்கே வாடிப்போய் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. திக்லிபூருக்கு ஓடிப்போனாயே, அதற்காக இத்தனை வருஷமாக உன்னைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். இத்தனை நாளும் அந்தக் கதையில் நான் கல்லைச் சுற்றிக் கொடுத்த தாய் என்றே நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். எமன் எடுத்துப் போய்விடுவான் என்ற பயத்தில் நானே முழுங்கி வைத்திருந்தேன். பயத்தில் முழுங்குகிறவனுக்கு ருசி தெரியாது என்று சும்மாவா சொன்னாய்?

இனி நான் சொல்வதை ரீமாவுக்கும் சேர்த்து வாசி, குரலைத் தாழ்த்தாதே. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். டாக்டர் போகலாம் என்றால் போகலாம்தான். உன் பயத்தை நீயே வைத்துக்கொள், அவள் தலையில் கட்டாதே. பயம் வரத்தான் செய்யும், பிள்ளை பிறந்துவிட்டால் இதைவிடப் பெரிதாக வரும், அதைத் தடுக்க யாராலும் முடியாது. வந்தால் எழுந்து நட, விறகு பிள, என்னைக் கூப்பிட்டுக் கத்து. வாயை மட்டும் அந்த மாதிரித் திறக்காதே. நானும் முயற்சி செய்கிறேன். எனக்கு இந்த வயதில் வருமா என்று தெரியாது. கடலைப் பற்றி ஒன்றே ஒன்று. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிற நாளில் கயிற்றை அவிழ்க்காதே. அது இறங்கிய பிறகு போ, கரையோரமாகப் போ, உன் படகு, உன் கடல். லாரி என்ற பேச்சை இனி எடுக்க மாட்டேன். நீ திரும்பி வர வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பேரை மாற்றிக்கொள். ஆமாம், எழுதிவிட்டேன், மாற்றிக்கொள். இந்தக் கடிதத்தைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டு நேரே யார்டுக்குப் போய் அப்பாராவிடம் நானே சொல்லப் போகிறேன், எழுத்துக்கு எழுத்துச் சரிபார்க்கப் போகிறேன், இஸட் இ யு எஸ் என்று ரீமாவிடம் கேட்டுக் கையில் எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைக்கும் உங்கள் இஷ்டம்போல வையுங்கள், ராஜா பேரே வையுங்கள். நான் வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிட்டால் காதில் போட்டுக்கொள்ளாதே. வரும்போது உன் மாமனார் வயலில் அறுத்த நெல்லின் தவிடு ஒரு பிடி கொண்டுவா. எதற்கு என்று கேட்காதே, ரீமாவையும் கேட்க விடாதே. பிண்ணாக்குக்குப் பதிலாக அதை ஓரிடத்தில் வைக்க வேண்டியிருக்கிறது.

பக்கத்தில் இருக்கிற கிளாஸை மட்டும் அழிக்கச் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. அந்த ஸ்ட்ராவும் எலுமிச்சைத் துண்டும் அப்படியே இருக்கட்டும். ஜெட்டியில் கேட்டால் ராஜாவுக்குத் தாகம் எடுக்கும் என்று சொல்லிக்கொள். நீ எத்தனை பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் ஜீயஸ் என்று எழுதிக்கொண்டு போ குப்பு. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு இங்கிலீஷ் தெரியுமோ தெரியாதோ, படம் தெரியும்.